இமாம் கஸ்ஸாலி (றஹ்) ஏன் பக்தாதை விட்டுச் சென்றார்கள்?

கடந்த வருட மீலாத் விழாப் பேச்சுப் போட்டியில் எனக்கு முதலாம் இடம் கிடைத்தது. தலைப்பு, தொழுகையின் சிறப்பு. நான் பேசிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையில் இருந்த ஒரு தாய் கண்ணைத் துடைத்ததைக் கண்டேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பரிசையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் ஞாபகம் வந்தது, அன்று நான் சுபஹ் தொழவில்லை. முதல்நாள் இரவு நெடுநேரம் பேச்சை மனனம் செய்துவிட்டுப் படுத்ததால் எழும்ப முடியவில்லை. எழும்பிய பிறகும் சீருடையை அயன் பண்ணுவதிலும் பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதிலும் நேரம் போய்விட்டது. கழாச் செய்யவும் மறந்துபோனேன்.

பரிசாகக் கிடைத்தது ஒரு சான்றிதழும் இமாம் கஸ்ஸாலி (றஹ்) அவர்களின் வாழ்க்கையைப் பற்றிய சிறிய புத்தகம் ஒன்றும். இமாமவர்களைப் பற்றி இஸ்லாமிய நாகரிகப் பாடத்துக்கு ஏற்கனவே குறிப்பு எழுதி வைத்திருந்தேன். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, ஹுஜ்ஜதுல் இஸ்லாம் என்ற பட்டம், எழுதிய நூல்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்தப் புத்தகத்தில் ஓர் இடத்துக்கு வந்ததும் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. பக்தாதின் மிகப் பெரிய ஆசிரியருக்கு ஒரு நாள் வகுப்பில் நா எழவில்லை என்று அதில் இருந்தது. அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இமாமவர்கள் ஹிஜ்ரி 450இல், அதாவது கி.பி. 1058இல், இன்றைய ஈரானின் கிழக்கே குராஸான் பிரதேசத்தில் உள்ள தூஸ் நகரில் பிறந்தார்கள். தந்தை கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த ஏழை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவருக்குப் பெரிய படிப்பில்லை. ஆனால் மார்க்க அறிஞர்களின் சபைகளில் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்பார். கேட்டுவிட்டு, தமக்கும் இப்படி ஒரு பிள்ளையைத் தருமாறு அழுது துஆச் செய்வாராம். இரண்டு மகன்கள் பிறந்தார்கள், முஹம்மத், அஹ்மத் என்று. மூத்தவர்தான் நம் இமாம். அவர்கள் வளர்ந்து ஆளாவதைப் பார்க்கத் தந்தைக்குக் கொடுத்து வைக்கவில்லை. மரணத்தறுவாயில் தம்மிடமிருந்த சிறு தொகையோடு இரு பிள்ளைகளையும் ஒரு சூபி நண்பரிடம் ஒப்படைத்தார்.

அந்த நண்பரும் ஏழைதான். பணம் முடிந்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். உங்களுக்குச் சோறு போட என்னிடம் வழியில்லை, மத்ரஸாவில் சேர்ந்தால் உண்ணவும் தங்கவும் கிடைக்கும் என்பதுதான் அவர் சொன்னதன் கருத்து. இருவரும் அப்படித்தான் மத்ரஸாவில் சேர்ந்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இஸ்லாமிய உலகின் மாபெரும் அறிஞர்களில் ஒருவர் மார்க்கக் கல்விக்குள் நுழைந்தது சாப்பாட்டுக்காக. இதை அவர்கள் மறைக்கவுமில்லை. அல்லாஹ்வுக்காக அல்லாமல் வேறொன்றுக்காகத்தான் கல்வியைத் தேடினோம், ஆனால் அந்தக் கல்வி அல்லாஹ்வுக்கன்றி வேறு எதற்கும் ஆக மறுத்துவிட்டது என்ற கருத்தில் பிற்காலத்தில் சொல்லி வந்தார்களாம். நாங்கள் சிறுவயதில் பின்னேர மத்ரஸாவுக்குப் போனதும் வெள்ளிக்கிழமைகளில் கொடுக்கும் பிஸ்கட்டுக்காகத்தான். என் தம்பி இன்றும் அதற்காகத்தான் போகிறான்.

தூஸில் ஓதிய பின் ஜுர்ஜான் என்ற ஊருக்குப் போய்ப் படித்துவிட்டு வரும் வழியில் நடந்த சம்பவம் எல்லோருக்கும் தெரியும். வழிப்பறிக்காரர்கள் எல்லாவற்றையும் பறித்துக்கொள்கிறார்கள். இளைஞரான இமாமவர்கள் அவர்களின் பின்னாலேயே போய், பாடக்குறிப்புகள் இருக்கும் பையை மட்டுமாவது தரும்படி கெஞ்சுகிறார்கள். தலைவன் சிரிக்கிறான். பையை எடுத்ததும் போய்விடுகிற அறிவை அறிவு என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டுவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுக்கிறான். ஊர் திரும்பிய இமாமவர்கள் மூன்று வருடங்கள் இருந்து அந்தக் குறிப்புகள் முழுவதையும் மனனம் செய்தார்கள். கொப்பி தொலைந்ததும் அழுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இது நல்ல கதை. ஆனால் மனனம் செய்தாலும் தீராத ஒரு பிரச்சினை அவர்களுக்காகக் காத்திருந்தது.

அது இதுதான். கிறிஸ்தவர்களின் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாகவே வளர்கிறார்கள், யூதர்களின் பிள்ளைகள் யூதர்களாக, முஸ்லிம்களின் பிள்ளைகள் முஸ்லிம்களாக. இதை இமாமவர்கள் சிறு பராயத்திலேயே கவனித்திருக்கிறார்கள். எல்லாக் குழந்தைகளும் பித்றாவில் பிறக்கின்றன என்ற நபிமொழியையும் அறிந்திருக்கிறார்கள். அப்படியானால் பெற்றோரும் உஸ்தாதும் சொன்னார்கள் என்பதற்காக நம்புவதில் எது உண்மை, எது வெறும் பழக்கம்? இதைத் தம்முடைய அல்முன்கித் மினள் ளலால் என்ற நூலில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் வீதியில் நாலைந்து வீடுகளுக்கிடையில் மூன்று மதங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை உடுத்துக்கொண்டு ஒருத்தி தஹம் பாசலுக்குப் போவாள், இன்னொருத்தி அறநெறிப் பாடசாலைக்குப் போவாள். நான் பின்னேரம் குர்ஆனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மத்ரஸாவுக்குப் போவேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு நாள் உம்மாவிடம் கேட்டேன், நான் அந்த வீட்டில் பிறந்திருந்தால் என்னவாக இருந்திருப்பேன் என்று. உம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அஸ்தஃபிருல்லாஹ் என்று சொல்லி, போய் ஓதும்படி விரட்டிவிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதால் ஈமான் போய்விட்டதோ என்று பல நாட்கள் பயந்துகொண்டிருந்தேன். ஆயிரம் வருடங்களுக்கு முன் ஹுஜ்ஜதுல் இஸ்லாமும் அதே இடத்திலிருந்துதான் தொடங்கினார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இமாமவர்களின் சந்தேகம் என்னுடையதைவிட எவ்வளவோ ஆழமானது. கண் ஏமாற்றுகிறது, நிழல் அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தாலும் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதை அறிவு திருத்துகிறது. அந்த அறிவும் ஏமாற்றாது என்பதற்கு என்ன ஆதாரம்? கனவில் நாம் எல்லாவற்றையும் உண்மை என்றுதானே நம்புகிறோம்? இப்படிக் கண்ணையும் அறிவையும் நம்ப முடியாத நிலையில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இருந்ததாக எழுதுகிறார்கள். வெளியே யாருக்கும் தெரியாது. எந்த வாதமும் அவர்களை அதிலிருந்து வெளியே கொண்டுவரவில்லை. அல்லாஹ் தம் நெஞ்சில் போட்ட ஓர் ஒளியினாலேயே குணமடைந்ததாகச் சொல்கிறார்கள்.

நைஸாபூரில் அவர்களுக்கு ஆசிரியராக இருந்தவர் இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனீ (றஹ்) அவர்கள். வாதக்கலையில் அந்தக் காலத்தின் சிகரம். 1085இல் அவர் வபாத்தாகும் வரை இமாமவர்கள் அங்கேயே இருந்தார்கள். அந்தப் பெரிய ஆசிரியரைப் பற்றி ஒரு செய்தி சொல்லப்படுகிறது. வாழ்நாள் முழுவதும் வாதித்து முடித்தபின், நைஸாபூர்க் கிழவிகளின் ஈமானோடு மரணித்தால் போதும் என்று இறுதியில் ஆசைப்பட்டாராம். எனக்கு உடனே என் உம்மம்மாவின் ஞாபகம் வந்தது. உம்மம்மாவுக்குத் தமிழ்ப் பத்திரிகை வாசிக்கத் தெரியாது, குர்ஆனை மட்டும் சரளமாக ஓதுவார். ஏன் தொழுகிறீர்கள் என்று கேட்டால் கேள்வியே அவருக்கு விளங்காது. அவருக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்காதா என்று சில நேரம் ஏங்குகிறேன். ஆனால் கேள்வி ஒரு தடவை மனதில் வந்துவிட்டால் வராதது மாதிரி இருக்க முடியாது.

பின்னர் இமாமவர்கள் ஸல்ஜூக் அரசின் அமைச்சர் நிழாமுல் முல்க்கின் சபைக்குச் சென்றார்கள். அங்கே வாதங்களில் எல்லோரையும் வென்றார்கள். 1091இல், 33 வயதில், பக்தாத் நிழாமிய்யாவின் தலைமை ஆசிரியராக நியமிக்கப்பட்டார்கள். 300 மாணவர்கள் அவர்களிடம் படித்தார்கள். மார்க்கத் தீர்ப்புக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள், ஆட்சியாளர்கள் ஆலோசனை கேட்டார்கள். போதாக்குறைக்கு, கற்பித்தலுக்கிடையில் கிடைத்த ஓய்வில் தத்துவ நூல்களை ஆசிரியர் உதவியின்றித் தாமே படித்து, தத்துவஞானிகளை மறுத்து தஹாபுதுல் பலாஸிபாவை எழுதினார்கள். மார்க்கத்தின் காவலர் என்று உலகமே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தத்துவத்தை முடித்து சூபிகளின் நூல்களுக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. அபூதாலிப் அல்மக்கீ, ஹாரிஸ் அல்முஹாஸிபீ போன்றோரின் நூல்களை எளிதில் விளங்கிக்கொண்டார்கள். ஆனால் மீதியை வாசித்து அடைய முடியாது என்பதும் விளங்கியது. ஆரோக்கியம் என்றால் என்ன என்று விளக்கம் சொல்வது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு. நோயில் படுத்திருக்கும் வைத்தியருக்கும் ஆரோக்கியத்தின் வரைவிலக்கணம் தெரியும். இந்த உதாரணம் அவர்களுடையது. அந்த வைத்தியர் நான்தான் என்று கண்டுகொண்டதுதான் அவர்களின் பெருமை என்று நினைக்கிறேன். தம்முடைய கற்பித்தலின் நிய்யத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அது அல்லாஹ்வுக்காக இருக்கவில்லை. புகழும் அந்தஸ்தும்தான் தம்மை அந்த ஆசனத்தில் இருத்தியிருக்கின்றன என்று தெரிந்தது. இடிந்து விழும் கரையின் ஓரத்தில் தாம் நிற்பதாக உணர்ந்தார்கள்.

நாமாக இருந்தால் ஒரு தௌபாவைச் செய்துவிட்டு மறுநாள் வகுப்புக்குப் போயிருப்போம். இமாமவர்களால் அது முடியவில்லை. ஒரு நாள் பக்தாதை விட்டுப் போய்விடுவோம் என்று முடிவெடுப்பார்கள், மறுநாள் அந்த முடிவு தளர்ந்துவிடும். காலையில் மறுமையின் மேல் ஆசை எழும், மாலைக்குள் பதவியின் ஆசை வந்து அதைக் கலைத்துவிடும். இந்த இழுபறி ஹிஜ்ரி 488 றஜப் மாதத்தில், அதாவது கி.பி. 1095 ஜூலையில் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் நீடித்தது. பிறகு உடலே அவர்களுக்காக முடிவெடுத்துவிட்டது. மாணவர்களின் மனம் நோகாதிருக்க ஒரு நாளாவது பாடம் நடத்துவோம் என்று முயன்றார்கள். நா ஒரு சொல்லைக்கூடச் சொல்லவில்லை. பின்னர் உணவும் இறங்கவில்லை, ஒரு வாய்த் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இது மனதிலிருந்து உடலுக்கு வந்த நோய், மனக்கவலை நீங்காமல் மருந்தில்லை என்று கைவிட்டார்கள்.

நான் மேலே வாசிக்காமல் நின்ற இடம் இதுதான். தொழுகையைப் பற்றிப் பேசி மற்றவர்களை அழவைத்த என் நாவுக்கு எதுவும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து சான்றிதழைக் காட்டி, இடியப்பமும் சாப்பிட்டேன்.

1095 நவம்பரில் இமாமவர்கள் பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். ஹஜ்ஜுக்குப் போவதாக வெளியே சொன்னார்கள், மனதில் இருந்ததோ ஷாம் தேசம். கலீபாவும் நண்பர்களும் தடுத்துவிடுவார்கள் என்ற பயம். பிள்ளைகளுக்குத் தேவையான அளவை வைத்துவிட்டு மற்றச் செல்வத்தையெல்லாம் பகிர்ந்தளித்தார்கள். தம் இடத்தில் கற்பிக்கத் தம்பி அஹ்மதை ஏற்பாடு செய்தார்கள். இவ்வளவு உயர்ந்த மார்க்கப் பதவியை ஒருவர் மார்க்கத்துக்காகவே விடுவார் என்பதை அங்கே யாரும் நம்பவில்லை. அரசியல் பயம் என்றார்கள். அப்படிச் சொல்லவும் இடமிருந்தது. நிழாமுல் முல்க் 1092இல் கொலை செய்யப்பட்டிருந்தார், அதே வருடம் சுல்தான் மலிக்ஷாவும் இறந்துபோனார், ஆட்சிக்காக உறவினர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அருகிலிருந்தவர்களோ, ஆட்சியாளர்கள் இருக்கும்படி கெஞ்சுவதையும் இமாமவர்கள் முகம் திருப்புவதையும் தாமே கண்டார்கள்.

இந்த இடத்தில் எனக்கும் உம்மாவுக்கும் ஒரு வாக்குவாதம் வந்தது. குடும்பத்தை விட்டுவிட்டுப் போனது சரியா என்று கேட்டேன். அந்தப் பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க மாட்டார்களா? பெரியவர்களை அப்படிக் கேட்கக்கூடாது என்று உம்மா சொன்னார். ஆனால் இமாமவர்களே பின்னால் எழுதுகிறார்கள், தனிமையில் இருந்த தம்மைப் பிள்ளைகளின் அழைப்புகள்தான் ஊருக்கு இழுத்தன என்று. திரும்பிச் செல்லும் எண்ணமே இல்லாமல் இருந்தவர்கள் திரும்பினார்கள். அதைக் காட்டியதும் உம்மா ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார்.

டமஸ்கஸில் உமையாப் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு பகல் முழுவதும் தனித்திருப்பார்கள். பிறகு பைத்துல் முகத்தஸ், அங்கே குப்பதுஸ் ஸஹ்ராவில் அதே தனிமை. சிலுவைப்படை அந்நகரைப் பிடித்தது 1099இல், அதற்குள் இமாமவர்கள் அங்கிருந்து போய்விட்டார்கள். ஹெப்ரோனில் நபி இப்றாஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் மூன்று விடயங்களுக்கு உறுதி எடுத்தார்கள்: ஆட்சியாளரின் பணத்தை வாங்குவதில்லை, அவர்களின் சபைக்குப் போவதில்லை, யாரோடும் தர்க்கம் செய்வதில்லை. பின் ஹஜ். மொத்தமாகப் பத்து வருடங்களுக்கு மேல் ஒதுங்கியே வாழ்ந்தார்கள். இஹ்யா உலூமித்தீன் என்ற, 40 பாகங்கள் கொண்ட பெருநூல் இக்காலத்தில் உருவானது. அதில் வுழூவும் தொழுகையும் வருகின்றன, சாப்பிடும் ஒழுங்கும் பிரயாணமும் வருகின்றன, முகஸ்துதி பற்றி மட்டும் ஒரு தனி நூல் அளவுக்கு வருகிறது. ரியா எந்தெந்த வழியாக மனதுக்குள் நுழையும் என்று அவர்கள் எழுதியிருப்பதை வாசித்தால், சொந்த வீட்டின் கதவு ஜன்னல்களை ஒருவர் எண்ணிக் காட்டுவது போல இருக்கிறது.

ஒதுங்கியிருந்த காலத்தின் கடைசியில் அவர்கள் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஈமான் ஏன் மக்களிடம் பலவீனமாகிவிட்டது என்று அறிய, தனித்தனி ஆட்களிடம் போய்க் கேட்டார்கள். மறுமையை நம்புகிறாய் என்றால் ஏன் அதற்கு ஆயத்தமாகவில்லை என்று. ஒருவன், பெரிய ஆலிம் ஒருவரே தொழுவதில்லை, இன்னொருவர் அநாதைகளின் சொத்தைத் தின்கிறார், பிறகு நான் மட்டும் ஏன் என்றான். இன்னொருவன் தான் வணக்கம் தேவைப்படாத உயர்ந்த நிலைக்குப் போய்விட்டதாகச் சொன்னான். தத்துவம் படித்த ஒருவன், மார்க்கச் சட்டங்கள் பாமரரைக் கட்டுப்படுத்தத்தான், விளங்கியவனுக்கு அவை வேண்டியதில்லை என்றான். முதலாவது பதிலை நானும் கேட்டிருக்கிறேன். எங்கள் வகுப்பிலேயே கேட்டிருக்கிறேன். என் பேச்சைக் கேட்டு அழுத அந்தத் தாய்க்கு அன்று காலை நான் தொழாத கதை தெரிந்திருந்தால், அவரும் அதைச் சொல்லக்கூடும்.

இந்தப் பதில்களைக் கேட்டபின் மூலையில் ஒதுங்கியிருப்பது சரியா என்ற கேள்வி அவர்களுக்கு எழுந்தது. நிழாமுல் முல்க்கின் மகனும் அமைச்சருமான பக்ருல் முல்க் வற்புறுத்தி அழைத்தார். 1106இல் நைஸாபூர் நிழாமிய்யாவில் மறுபடியும் கற்பிக்கத் தொடங்கினார்கள். எதை விட்டு ஓடினார்களோ அதே தொழில். தாம் திரும்பி வந்ததாக மற்றவர்களுக்குத் தெரிந்தாலும் உண்மையில் திரும்பவில்லை என்றும், முன்பு அந்தஸ்தைத் தேடித்தரும் கல்வியைக் கொடுத்தேன், இப்போது அந்தஸ்தை விடச்செய்யும் கல்வியைக் கொடுக்கிறேன் என்றும் பொருள்பட எழுதுகிறார்கள். தம் நிய்யத் முழுமையாகத் திருந்திவிட்டது என்றுகூட அவர்கள் உறுதியாகச் சொல்லவில்லை, அல்லாஹ்விடம் கேட்டுக்கொள்கிறார்கள்.

புத்தகத்தை முதல் தடவை வாசித்து முடித்தபோது, இனி எந்தப் போட்டியிலும் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இவ்வருட மீலாத் போட்டிக்கு ஆசிரியை பெயர் கேட்டபோது இரண்டு நாள் தவணை கேட்டேன். பிறகு நைஸாபூர்ப் பகுதியை மறுபடி வாசித்துவிட்டுப் பெயரைக் கொடுத்தேன். உம்மாவிடம், பேச்சு மனனமாகாவிட்டாலும் பரவாயில்லை, சுபஹுக்குத் தண்ணீர் தெளித்தாவது எழுப்பிவிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கடைசிக் காலத்தில் இமாமவர்கள் தூஸுக்கே திரும்பினார்கள். வீட்டுக்கு அருகில் மாணவர்களுக்கு ஒரு மத்ரஸாவும் சூபிகளுக்கு ஒரு தங்குமடமும் அமைத்தார்கள். அநாதையாக ஒரு வேளைச் சோற்றுக்கு மத்ரஸாவைத் தேடிப் போன அதே ஊர். ஆண்மக்கள் இருக்கவில்லை, பெண்மக்களே இருந்தார்கள்.

ஹிஜ்ரி 505 ஜுமாதல் ஆகிரா பிறை 14, கி.பி. 1111 டிசம்பர் 18. அன்று திங்கட்கிழமை. நடந்ததைத் தம்பி அஹ்மத் சொல்லியிருக்கிறார். அதிகாலையில் எழுந்து வுழூச் செய்து சுபஹ் தொழுதார்கள். பிறகு தம் கபன் துணியைக் கொண்டுவரச் சொல்லி, வாங்கி முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். கிப்லாவை நோக்கிக் காலை நீட்டிப் படுத்தார்கள். வெளிச்சம் பரவும் முன் உயிர் பிரிந்தது. வயது 53.